நிக்காஹ் அழைப்பிதழ் என்று வரும் கோப்பு: தொடும் முன் தெரிந்துகொள்வோம்



சென்ற மாதம் நம் ஜமாஅத்தைச் சேர்ந்த சகோதரி ஒருவர் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வந்தார். செராமிக் பொம்மைகளுக்கு வர்ணம் தீட்டும் வேலை பார்ப்பவர். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காகச் சிறுகச் சிறுகச் சேர்த்த 38,000 ரூபாய் வங்கிக் கணக்கிலிருந்து போய்விட்டது. உறவினர் ஒருவரின் எண்ணிலிருந்து வாட்ஸ்அப்பில் 'நிக்காஹ் அழைப்பிதழ்' என்று ஒரு கோப்பு வந்திருக்கிறது. தொட்டார். போன் ஏதேதோ கேட்டது. எல்லாவற்றுக்கும் 'சரி' என்று அழுத்தினார். அழைப்பிதழ் திறக்கவே இல்லை. அன்று இரவு மூன்று தவணையாகப் பணம் போனது. வெளிநாட்டில் இருக்கும் கணவர் என்ன சொல்வாரோ என்ற பயத்தில் இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் நம்மிடம் வருவதற்குள் பணம் பல கணக்குகள் மாறி எடுக்கப்பட்டுவிட்டது.

வேறு யாருக்கும் இப்படி நேரக்கூடாது என்று அவரே கேட்டுக்கொண்டதால், பெயர் குறிப்பிடாமல் இதை எழுதுகிறோம்.

கோப்புக்குள் இருப்பது என்ன?

அழைப்பிதழ் என்றால் படமாகவோ, வீடியோவாகவோ, பி.டி.எஃப். ஆகவோ வரும். இது அப்படி வருவதில்லை. கோப்பின் பெயர் 'ஏ.பி.கே.' என்ற மூன்று ஆங்கில எழுத்துகளில் முடியும். ஆண்ட்ராய்டு போனில் புதிய செயலியை நிறுவுவதற்கான கோப்பு அது. பிளே ஸ்டோர் வழியாக வராத செயலி என்பதால், 'அறியாத இடத்திலிருந்து நிறுவ அனுமதிக்கவா?' என்று போன் நம்மைக் கேட்கும். அந்த எச்சரிக்கையைத்தான் நாம் படிக்காமல் தாண்டிவிடுகிறோம்.

அடுத்து, குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்கும். கொடுத்துவிட்டால் வங்கியிலிருந்து வரும் ஓ.டி.பி. எண் நேராக மோசடிக்காரனுக்குப் போய்விடும். நாம் யாரிடமும் ஓ.டி.பி. சொல்லியிருக்க மாட்டோம், ஆனாலும் அவன் கையில் அது இருக்கும். சில செயலிகள் 'அக்சசிபிலிட்டி' என்ற அனுமதியையும் கேட்கும். அதைக் கொடுத்தால் திரையில் தெரிவதையும் நாம் தட்டுவதையும் அதனால் கவனிக்க முடியும்.

வந்த எண் உறவினருடையதுதான். அனுப்பியவர் அவர் இல்லை. அவர் போனில் முதலில் புகுந்த செயலி, அதிலுள்ள எண்களுக்கெல்லாம் தன்னையே அனுப்பிவைக்கிறது. 2024 நவம்பரில் ஹிமாச்சலப் பிரதேச சைபர் போலீசார் இதே திருமண அழைப்பிதழ் மோசடி பற்றி எச்சரித்தார்கள். போக்குவரத்து அபராதம், அரசு உதவித்தொகை என்ற பெயர்களிலும் இது வருகிறது.

முதல் ஒரு மணி நேரம்

தெரியாமல் தொட்டுவிட்டால் வரிசையாக இவற்றைச் செய்யுங்கள்.

1. உடனே வைஃபையையும் மொபைல் டேட்டாவையும் நிறுத்தி, ஏரோபிளேன் மோடில் போடுங்கள்.

2. வேறொரு போனிலிருந்து 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். இது நாடு முழுவதற்குமான சைபர் நிதி மோசடி உதவி எண். பணம் எந்தக் கணக்குக்குப் போனது, அங்கிருந்து எங்கே போனது என்று வங்கிகள் மூலம் தொடர்ந்து பார்த்து, எடுக்கப்படுவதற்குள் முடக்க முயல்வார்கள். அதனால்தான் நேரம் முக்கியம்.

3. உங்கள் வங்கியை அழைத்துக் கணக்கையும் கார்டையும் முடக்கச் சொல்லுங்கள். புகார் எண்ணைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

4. வந்த கோப்பு, பணம் போன குறுஞ்செய்தி ஆகியவற்றை வேறொரு போனில் படம் எடுத்து வைத்த பிறகு அந்தச் செயலியை நீக்குங்கள். நீங்காவிட்டால் விவரம் தெரிந்தவரிடம் கொடுத்து போனை முழுமையாக ரீசெட் செய்யுங்கள்.

5. தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் புகாரைப் பதியலாம். கடலூரில் உள்ள மாவட்ட சைபர் குற்றப் பிரிவிலும் மனு கொடுக்கலாம்.

சீக்கிரம் சொல்வதில் இன்னொரு பயனும் உண்டு. நம் கவனக்குறைவால் நேர்ந்த இழப்பானாலும், வங்கிக்குத் தெரிவித்த பிறகு போகும் பணத்துக்கு வங்கியே பொறுப்பு என்று 2017 ஜூலை 6 அன்று ரிசர்வ் வங்கி பிறப்பித்த உத்தரவு கூறியது. வங்கி மீதும் நம் மீதும் தவறில்லாமல் நடந்த மோசடியானால், வங்கியின் தகவல் கிடைத்த 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் நமக்கு இழப்பே இருக்கக்கூடாது என்றும் அந்த உத்தரவு கூறியது.

இன்றே செய்துகொள்ளுங்கள்

வாட்ஸ்அப் செட்டிங்ஸில் அக்கவுண்ட் பகுதிக்குப் போய் 'டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன்' போட்டு 6 இலக்க எண் வையுங்கள். 'லிங்க்டு டிவைசஸ்' பகுதியில் தெரியாத கருவி இருந்தால் நீக்குங்கள். பிளே ஸ்டோரில் 'பிளே புரொடெக்ட்' இயங்குகிறதா என்று பாருங்கள். மத்திய அரசின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கின்றன என்று பார்க்கலாம். காணாமல்போன போனையும் அங்கே முடக்கலாம். சேமிப்புப் பணம் உள்ள கணக்கை யு.பி.ஐ.யுடன் இணைக்காமல், அன்றாடச் செலவுக்கு வேறொரு சிறு கணக்கை வைத்துக்கொள்வது நல்லது.

எங்கள் தரப்பில் ஒரு திருத்தம்

கல்வி உதவித்தொகைக்கு ஆதார், பாஸ்புக் படங்களை வாட்ஸ்அப் குழுவில் அனுப்பச் சொல்லி வந்தோம். அது தவறு என்று உணர்கிறோம். நீங்கள் தரும் விவரம் எங்களிடம் உள்ள அமானத். அந்தப் படங்களைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டோம். உங்கள் போனில் இருந்தால் நீங்களும் நீக்கிவிடுங்கள். இனி நகல்களை அலுவலகத்தில் நேரில் மட்டுமே வாங்குவோம். ஜகாத், ஃபித்ரா கேட்டு எங்கள் பெயரில் கியூஆர் கோடு எதையும் வாட்ஸ்அப்பில் அனுப்ப மாட்டோம்.

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். ஏமாந்தவரைத் திட்டாதீர்கள். திட்டுக்குப் பயந்து அந்தச் சகோதரி மௌனமாக இருந்த இரண்டு நாட்கள்தான் பணத்தை மீட்கும் வழியை அடைத்தன. வீட்டில் சொல்லத் தயங்குபவர்கள் எங்களிடம் வாருங்கள். 1930க்கு நாங்களே கூட இருந்து பேசித் தருகிறோம். அவர் மகளின் இந்த ஆண்டுக் கட்டணத்தைக் கல்வி நிதியிலிருந்து கட்ட அறக்கட்டளை முடிவு செய்திருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ்.

வஸ்ஸலாம்.

செயலாளர், அறக்கட்டளை நிர்வாகத்துக்காக
விருத்தாசலம்