மடிக்கணினியும் குடிமராமத்தும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், வத்திராயிருப்பை அடுத்துப் பிளவக்கல் என்னும் இடம் உளது. பெரியாறு, கோவிலாறு என்னும் இரண்டு சிற்றாறுகளுக்கு அங்கே அணைகள் கட்டி நீரைத் தேக்கியுள்ளனர். அந்நீர் கண்மாய்களை நிரப்பி வயல்களை விளைவிக்கின்றது. கண்மாயில் படிந்த வண்டலை அகற்றுதல், கரையை உயர்த்துதல், மடையைச் செப்பனிடுதல் ஆகிய பணிகளை முற்காலத்தில் ஊரார் தாமே கூடிச் செய்தனர். அதற்குக் குடிமராமத்து என்று பெயர். வண்டல் படிந்த கண்மாயை எவரும் பழையது என்று கைவிடவில்லை; தூர் வாரினர்; அது மீண்டும் நீர் கொண்டது.

இக்காலத்தில் நம் இல்லங்களிலும் தூர் வார வேண்டிய பொருள் ஒன்று உண்டு. அதுவே மடிக்கணினி. தமிழ்நாடு அரசு, 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் தொடங்கிய திட்டத்தின் வழியே, அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பயின்ற மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினிகளை வழங்கிற்று. தமக்கை பெற்ற கருவியைப் பின்னர்த் தம்பியும் பயன்படுத்தும் வீடுகள் பல. ஆண்டுகள் செல்லச் செல்ல அக்கருவி சூடேறுகின்றது, மெல்ல இயங்குகின்றது, எழுதிக்கொண்டிருக்கும்போதே அணைந்துவிடுகின்றது. ‘இனி இது உதவாது’ என்று அதனைப் பரணில் போட்டுவிடுகின்றனர். புதியது வாங்கப் பொருளில்லாத வீட்டில், அதனோடு தம்பியின் படிப்பும் அன்றோ பரணேறிவிடுகின்றது!

மாணவர்களே! நோய் இன்னதென்று தெளிந்து, அதன் காரணத்தை ஆராய்ந்து, அதன் பின்னரே மருந்திட வேண்டும் என்பது மருத்துவனுக்கு வள்ளுவர் வகுத்த முறை. கருவிக்கும் அம்முறையே பொருந்தும்.

முதலில் சூட்டின் காரணத்தைக் காண்போம். மடிக்கணினியின் மூளை போன்ற உறுப்புச் செயலி எனப்படும். அது வேலை செய்யும்போது வெப்பம் உண்டாகும். செம்புக் குழாய் ஒன்று அவ்வெப்பத்தை மெல்லிய தகடுகளுக்குக் கொண்டு செல்லும். சிறு விசிறி அத்தகடுகளின் ஊடே காற்றைச் செலுத்தி வெப்பத்தை வெளியேற்றும். தகடுகளுக்கிடையே தூசி அடைந்தால், மடையில் அடைத்த வண்டல் நீரைத் தடுப்பது போல, அது காற்றைத் தடுத்துவிடும். வெப்பம் மிகுந்தவுடன் கருவி தன்னைக் காத்துக்கொள்ளும் பொருட்டு வேகத்தைக் குறைக்கும்; பின்னும் மிகுந்தால் அணைந்துவிடும். ஆகவே, இக்குறைகள் எப்போதும் முதுமையால் வருவன அல்ல; தூசியாலும் வருவன.

கருவியைத் திறப்பதற்கு முன், அதிலுள்ள பாடங்களையும் படங்களையும் வேறொரு சேமிப்புக் கருவியில் படியெடுத்து வைத்தல் வேண்டும். பின்னர்க் கருவியை நிறுத்தி, சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியையும் கழற்றுக. ஒவ்வொரு திருகாணியும் எவ்விடத்தது என்பதைத் தாளில் வரைந்து, அவ்வவ்விடத்தில் வைத்துக்கொள்க. அவை ஒரே அளவின அல்ல. மென்மையான தூரிகையால் தூசியைத் துடைத்தல் நன்று. அப்போது விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும்.

இனி, சூடின்றியும் கருவி மெல்ல இயங்குமாயின், பழைய வன்தட்டு காரணமாக இருக்கலாம். அதனுள் தட்டு ஒன்று சுழன்றுகொண்டே இருக்கும். பல வன்தட்டுகளில் அது நிமிடத்திற்கு 5,400 முறை சுழல்வது. அதனை எடுத்துவிட்டு, சுழலும் உறுப்பு எதுவும் இல்லாத எஸ்.எஸ்.டி. என்னும் சேமிப்பகத்தைப் பொருத்தினால் கருவி விரைவு பெறும். மென்பொருளும் பழையதாதல் உண்டு. விண்டோஸ் 7 என்னும் இயங்குதளத்திற்கு அளிக்கப்பட்ட பாதுகாப்பு உதவி 2020ஆம் ஆண்டு ஜனவரியில் நின்றுவிட்டது. அத்தகைய கருவியில், விலையின்றிக் கிடைக்கும் லினக்ஸ் வகை இயங்குதளம் ஒன்றை நிறுவிப் பயன்படுத்தலாம்.

கை வைக்கத் தகாத இடங்களும் உள. பேட்டரி உப்பியிருந்தால், அதனை அழுத்துதலோ, துளைத்தலோ, மீண்டும் மின்னேற்றுதலோ கூடாது; அது தீப்பற்றக் கூடியது. சார்ஜரின் உள்ளே உயர் மின்னழுத்தம் உண்டு. அதனைப் பிரித்தல் ஆகாது. இவ்விரண்டையும் தேர்ந்த பணியாளரிடமே விடுக. பிற வேலைகளையும் பெரியோர் உடனிருக்கச் செய்வதே நலம்.

இச்சிறு முயற்சியின் பயன் வீட்டளவில் நிற்பதன்று. 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு சேர்ந்தது. அதில் முறைப்படி சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகக் கணக்கில் வந்தது நான்கில் ஒரு பங்கிற்கும் குறைவு. எஞ்சியவற்றுள் உள்ள ஈயம் முதலிய நச்சுப் பொருள்கள் மண்ணையும் நீரையும் கெடுக்க வல்லன. நாம் எறியும் கருவியின் நஞ்சு, நம் கண்மாயையே வந்து சேரலாம்.

ஒவ்வொரு பழுதையும் நாமே நீக்கிவிட இயலாது. எனினும், காரணத்தை அறியாது ஒரு பொருளைத் தள்ளிவிடுதல் தகாது. தூர் வாரியவனே கண்மாயின் ஆழம் அறிவான். திறந்து துடைத்தவனே கருவியின் அருமை அறிவான்.