மூன்று நிறமும் ஒன்று சேர...

பத்திரிகைகளின் வர்ண அட்டையில் இந்த வேடிக்கையை நீங்கள் கவனித்திருப்பீர்கள். அச்சில் கடுகளவு பிசகினால் போதும். அட்டையில் சிரிக்கும் அம்மாளின் உதட்டுச் சிவப்பு உதட்டை விட்டு விலகிக் கன்னத்தில் போய் உட்கார்ந்துவிடும். பழைய கண்ணாடிக் குழாய் டெலிவிஷனுக்கும் இதே வியாதி வருவதுண்டு. செய்தி வாசிப்பவரின் வெள்ளைச் சட்டைக்கு ஒரு பக்கம் சிவப்புக் கரை, மறு பக்கம் நீலக் கரை! அடியில் ஓடும் எழுத்துக்கள் மூன்று மூன்றாகத் தெரிகின்றன. உடனே வீட்டில் தீர்ப்பு வந்துவிடும்: "டியூப் போச்சு, தூக்கிப் போடு!"

சற்றுப் பொறுங்கள்.

தருமபுரி மாவட்டத்தில் இந்தத் தீர்ப்பை அவ்வளவு சுலபமாக ஏற்கமாட்டார்கள். இந்தியாவில் வர்ண ஒளிபரப்பு 1982-ல், டில்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி வந்தது. ஆனால் பென்னாகரம், பாலக்கோடு, அரூர் பக்கங்களில் எத்தனையோ வீடுகளுக்குள் வர்ணப் படம் நுழைந்தது அதற்கு வெகு காலம் கழித்துத்தான். 2006 செப்டம்பரில் முதலமைச்சர் கருணாநிதி தொடங்கி வைத்த திட்டத்தில், 2011 வரை தமிழகமெங்கும் ஒரு கோடிக்கு மேற்பட்ட குடும்பங்களுக்கு 14 அங்குல வர்ண டெலிவிஷன் இலவசமாகப் போயிற்று. நீங்கள் தட்டைத் திரைக்கு மாறியிருக்கலாம். ஊரிலுள்ள அத்தையோ பாட்டியோ அந்தப் பெட்டிக்குத் துணி உறை தைத்துப் போட்டு இன்னும் காப்பாற்றி வரக்கூடும். புதுக் குழாய் வாங்கிப் போடலாமென்றால், இங்கே அதைச் செய்வாரும் இல்லை.

குழாயின் கழுத்துக்குள் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று நிறத்துக்கும் மூன்று மின்னணுத் துப்பாக்கிகள் இருக்கின்றன. திரைக்குச் சற்றுப் பின்னால் நுண்ணிய துளைகள் கொண்ட உலோகத் தகடு ஒன்று உண்டு. மூன்று கதிர்களும் ஒரே துளையில் கூடி, அப்பால் தத்தம் நிறப் புள்ளியைத் தொட வேண்டும். கூடினால் வெள்ளை, கூடாவிட்டால் கரை.

வியாதி எதுவென்று உட்கார்ந்த இடத்திலேயே கண்டுபிடிக்கலாம். ரிமோட்டில் 'கலர்' அளவை முழுவதும் குறைத்துவிடுங்கள். கறுப்பு-வெள்ளையான படத்திலும் உருவங்களின் ஓரத்தில் வர்ணக் கரை தெரிந்தால், கதிர்கள் பிரிந்துவிட்டன என்று பொருள். அப்படியில்லாமல், திரையின் மூலையில் பச்சையாகவோ ஊதாவாகவோ திட்டுப் படிந்திருந்தால் அது வேறு சமாசாரம். தகட்டில் காந்தம் ஏறியிருக்கிறது. பக்கத்தில் ஒலிபெருக்கிப் பெட்டி இருக்கிறதா, பேரன் காந்தத்தைக் கொண்டு வந்து திரையில் தேய்த்தானா என்று விசாரியுங்கள்! பிறகு மெயின் ஸ்விட்சை அணைத்து, அரை மணி கழித்துப் போடுங்கள். 'டொய்ங்' என்றொரு சத்தம் கேட்கும். உள்ளேயிருக்கும் கம்பிச் சுருள் காந்தத்தைக் கலைக்கிறது. ரிமோட்டால் மட்டும் அணைத்து வந்தால் பல செட்டுகளில் இந்தச் சுருள் வேலையே செய்வதில்லை.

கரை வியாதிக்கு மெக்கானிக்தான் வேண்டும். வீடு மாற்றும்போது குலுங்கியோ, பிசின் காய்ந்து ரப்பர் ஆப்பு நழுவியோ இது நேர்வதுண்டு. விஷயம் தெரிந்தவர் வந்தவுடன் முடுக்க ஆரம்பிக்கமாட்டார். செட்டை இருபது நிமிஷமாவது ஓடவிட்டுச் சூடேற்றுவார். அப்புறம் திரையில் வெள்ளைக் கோட்டுக் கட்டம் ஒன்றை வரவழைப்பார். குழாயின் கழுத்தில் வளையல் அடுக்கியதுபோல் மெல்லிய காந்த வளையங்கள் இருக்கும். நடுவிலுள்ள பச்சை அசையாது. ஒரு ஜோடி வளையத்தைத் திருப்பிச் சிவப்பையும் நீலத்தையும் சேர்ப்பார். இரண்டும் கூடினால், புடவைக் கடையில் நீங்கள் கேட்டு வாங்கும் மெஜந்தா நிறம். அடுத்த ஜோடியால் அந்த மெஜந்தாவைப் பச்சையின் மேல் ஏற்றினால் கோடு பளிச்சென்று வெள்ளையாகிவிடும். ஓரங்களைச் சரி செய்ய, கழுத்தைச் சுற்றியுள்ள பெரிய கம்பிச் சுருளை மயிரிழை சாய்த்து, ரப்பர் ஆப்பைச் செருகி ஒட்டுவார். பொறுமையான வேலை, கோலத்தில் புள்ளிக்குப் புள்ளி கோடு இழுப்பதைப் போலத்தான்.

இதைப் படித்துவிட்டு வீட்டுக்காரர் ஸ்க்ரூ டிரைவரைத் தேடினால், தயவு செய்து அதை ஒளித்து வையுங்கள். குழாய்க்குள் பாய்வது இருபதாயிரம் வோல்ட் அளவில் உள்ள மின்சாரம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் குழாய் அதைச் சேர்த்து வைத்திருக்கும். கழுத்தோ வெறும் மெல்லிய கண்ணாடி. உள்ளே காற்றே கிடையாது.

மெக்கானிக் வேலையை முடித்ததும் காசை உடனே நீட்டிவிடாதீர்கள். ஏதாவது ஒரு சேனலில் பழைய கறுப்பு-வெள்ளைப் படம் ஓடும், அதை வைக்கச் சொல்லுங்கள். மூலையில் கொஞ்சம் கரை இருந்தால் மன்னித்துவிடலாம். தொழிற்சாலையிலிருந்து வந்த நாளிலேயே அது இருந்திருக்கும். நடுவில் நிற்கும் கதாநாயகியின் வெள்ளைப் புடவை ஓரத்தில் சிவப்பு எட்டிப் பார்த்தால் மட்டும் அவரை எழுந்திருக்க விடாதீர்கள். இன்னொரு காபி கொடுங்கள்.