முளைக்கும் வரை ஒரு கணக்கு, முளைத்த பின் வேறு கணக்கு

வரிசைப் பயிருக்குத் தண்ணீர் மிச்சம் பிடிப்பதில் கடினமான பகுதி விதைத்த முதல் பத்து நாள். மக்காச்சோளமோ பருத்தியோ உளுந்தோ, வேர் ஒரு சாண் இறங்கிவிட்டால் அதன்பின் குறைந்த தண்ணீரில் வளர்க்கப் பல வழிகள் உண்டு. சொட்டுநீர், ஒன்று விட்டு ஒரு சாலில் பாய்ச்சுவது, மூடாக்கு எல்லாமே அப்போது பலிக்கும். காய்ந்த மண்ணில் கிடக்கும் விதையை எழுப்புவது வேறு வேலை. தமிழ்நாட்டில் அதற்கு உள்ள வழக்கம், விதைத்த அன்று ஒரு தண்ணீர், மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீர். இரண்டையும் சால் நிறைய விடுவார்கள். புரட்டாசி விதைப்பு நெருங்க நெருங்க எழும் சந்தேகங்களில் பெரும்பாலானவை இந்தப் பத்து நாளைப் பற்றியவை. வேளாண் துறைத் துண்டறிக்கைகள் பேசுவதோ மீதித் தொண்ணூறு நாளைப் பற்றி.

குழப்பத்துக்கு இரண்டு சதவீதங்கள் காரணம். முதலாவது மானியம். 2015இல் பிரதமரின் வேளாண் நீர்ப்பாசனத் திட்டத்தின் வழியே வரத் தொடங்கிய மத்திய அரசின் பங்கோடு மாநில அரசும் சேர்த்துக் கொடுப்பதால், தமிழ்நாட்டில் சிறு குறு விவசாயிக்குச் சொட்டுநீர் அமைப்பு 100 சதவீத மானியத்திலும் மற்றவர்களுக்கு 75 சதவீத மானியத்திலும் கிடைக்கிறது. இது குழாயின் விலையைப் பற்றிய எண். இரண்டாவது, ‘40 முதல் 50 சதவீதம் நீர் சேமிப்பு’ என்று விளம்பரப் பலகைகளில் நிற்கும் எண். வயலுக்குள் விடும் தண்ணீர் இரண்டு முறைகளில் எவ்வளவு வேறுபடுகிறது என்பதை மட்டுமே அது சொல்கிறது. கிணற்றில் அவ்வளவு தண்ணீர் மீந்துவிடும் என்று அதற்குப் பொருளில்லை.

சாலில் பாய்ந்த தண்ணீரில் ஒரு பகுதி மண்ணுக்குள் இறங்கி, அதே கிணற்றுக்கோ பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றுக்கோ திரும்புகிறது. துறையின் கணக்கில் அது ‘வீண்’. நிலத்தடி நீரின் கணக்கில் அது வரவு. சொட்டுநீர் அந்த வரவை நிறுத்திவிட்டு, மிஞ்சியதை அடுத்த ஏக்கருக்குத் திருப்ப வழி செய்கிறது. மோட்டாருக்கு மின்சாரம் இலவசம், கிணற்றுக்கு மீட்டர் கிடையாது என்னும்போது அந்த அடுத்த ஏக்கர் அநேகமாக விதைக்கப்பட்டுவிடும். அமெரிக்காவின் ரியோ கிராண்டே ஆற்றுப் படுகையைக் கணித்துப் பார்த்த ஓர் ஆய்வு, சொட்டுநீருக்கு மானியம் கொடுப்பது மொத்த நீர் நுகர்வைக் கூட்டவும் செய்யும் என்று 2008இலேயே காட்டியது. ஆகவே இங்கே ‘மிச்சம்’ என்று வரும் இடமெல்லாம் ஒரு வயல், ஒரு முறை, ஒரு தண்ணீர் என்ற அளவில் மட்டும் கொள்ளத்தக்கது.

அந்த அளவில் கணக்கு எளிது. ஓர் ஏக்கரில் 1 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அது 40,000 லிட்டர். சால் பாசனத்தில் ஒரு தண்ணீருக்கு 5 செ.மீ. என்று வைத்தால் 2 லட்சம் லிட்டர். விதைத் தண்ணீரும் உயிர்த்தண்ணீரும் சேர்ந்து 4 லட்சம். பயிரே இல்லாத நிலத்துக்கு, சுண்டுவிரல் ஆழத்தில் கிடக்கும் விதைக்காக, இவ்வளவு.

சொட்டுநீரில் வரிசைப் பயிருக்குப் பரவலாகப் போடுவது 1.2 மீட்டர் இடைவெளியில் பக்கக் குழாய், அதில் 60 செ.மீ.க்கு ஒரு டிரிப்பர், மணிக்கு 4 லிட்டர். இந்தக் கணக்கில் ஏக்கருக்குச் சுமார் 3,370 மீட்டர் குழாயும் 5,600 டிரிப்பரும் வரும். ஒரு மணி நேரம் ஓடினால் 22,500 லிட்டர். குழாயை ஒட்டி 40 செ.மீ. அகலத்துக்கும் 20 செ.மீ. ஆழத்துக்கும் மண்ணை நனைத்தால் போதும் என்றால், காய்ந்த மண்ணுக்கு ஏறத்தாழ 40,000 லிட்டர் பிடிக்கும். இரண்டு மணி நேரத்துக்குள் வேலை முடிந்துவிட வேண்டும். பத்து நாளில் மூன்று முறை விட்டாலும் 1.2 லட்சத்தைத் தாண்டாது. காகிதத்தில் இது விளம்பரப் பலகை சொல்வதைவிடப் பெரிய மிச்சம்.

வயலில் நடப்பது வேறு. செம்மண் காட்டில் இரண்டு மணி நேரம் ஓட்டி நிறுத்திவிட்டு விடியற்காலையில் போய்ப் பார்த்தால், குழாய் நெடுகக் கல்லில் தோசை வார்த்த மாதிரி தனித்தனிக் கறுப்பு வட்டங்கள் தெரியும். இரண்டு வட்டத்துக்கு நடுவே ஒரு சாண் அகலத்துக்கு வெளுத்த மண். மணற்பாங்கான மண்ணில் சொட்டிய தண்ணீரைப் புவியீர்ப்பு கீழே இழுக்கிறது. பக்கவாட்டில் இழுக்க வேண்டிய நுண்துளைகள் குறைவு. அதனால் ஈரம் கேரட் வடிவத்தில் இறங்குகிறது. களிமண்ணில் அதே தண்ணீர் வெங்காயம் போலப் பரவுகிறது. கரிசலில் இன்னொரு தொல்லை: வெடிப்பு விட்ட நிலமாக இருந்தால் சொட்டு விழுந்த இடத்திலிருந்து நேரே பிளவுக்குள் போய்விடும், மேல்மண் நனையவே நனையாது.

இதில் விதை எங்கே கிடக்கிறது என்பதுதான் கேள்வி. மக்காச்சோளத்தை 60 செ.மீ. வரிசையில் சமமாக விதைத்து, 1.2 மீட்டருக்கு ஒரு குழாய் என்று போட்டால், ஒவ்வொரு குழாயும் இரண்டு வரிசைக்கு நடுவில் வரும். குழாய்க்கும் விதைக்கும் தூரம் 30 செ.மீ. வளர்ந்த பயிருக்கு அது தூரமே இல்லை, வேர் தேடி வந்துவிடும். விதைக்கு வேர் கிடையாது. 35 செ.மீ. விட்டமுள்ள ஈர வட்டத்தின் விளிம்பு விதையை எட்டுவதற்கு அரைச் சாணுக்குச் சற்றே கூடுதலான தூரத்தில் நின்றுவிடுகிறது. ஈரத்தைப் பக்கவாட்டில் தள்ளுவதற்காக மோட்டாரை ஆறு மணி நேரம் ஓட்டினால் 1.35 லட்சம் லிட்டர் போகும். அதில் பெரும்பகுதி இரண்டடிக்குக் கீழே இறங்கும். மறுநாளும் அப்படியே ஓட்டினால் 2.7 லட்சம். சாலில் ஒரு தண்ணீர் விட்டிருந்தாலே 2 லட்சத்தில் முடிந்திருக்கும். சொட்டுநீர் போட்ட வயலிலும் முதல் தண்ணீரை வாய்க்காலில் திறந்துவிடும் விவசாயிகளைப் ‘பழைய பழக்கம்’ என்று அலுவலர்கள் குறைசொல்வது உண்டு. அந்தப் பழக்கத்துக்குப் பின்னால் இருப்பது இந்தக் கணக்குதான்.

இதைச் சரிசெய்யும் வழி ஆச்சரியப்படும் அளவுக்கு எளியது. 60 செ.மீ.க்கு ஒரு 4 லிட்டர் டிரிப்பருக்குப் பதிலாக 30 செ.மீ.க்கு ஒரு 2 லிட்டர் டிரிப்பர் உள்ள குழாயைப் போடலாம். மீட்டருக்கு மணிக்கு விழும் தண்ணீர் இரண்டிலும் ஒன்றே, சுமார் 6.7 லிட்டர். மோட்டாரை மாற்ற வேண்டாம், பிரதானக் குழாயை மாற்ற வேண்டாம். அதே தண்ணீர் ஓரிடத்தில் குவியாமல் இரண்டிடத்தில் விழுவதால் பக்கத்துப் பக்கத்து வட்டங்கள் ஒன்றையொன்று தொட்டு நீண்ட ஈரப் பட்டையாகிவிடும். இரண்டாவது, வரிசையை இணையாக்குவது. குழாயின் இருபுறமும் 15 செ.மீ. தள்ளி ஒவ்வொரு வரிசை, அடுத்த இணைக்கு 90 செ.மீ. இடைவெளி. ஏக்கருக்குச் செடி எண்ணிக்கை குறையாது, குழாயின் நீளம் கூடாது, விதை மட்டும் ஈரத்துக்குள் வந்துவிடும். டிரிப்பர் எண்ணிக்கை இரட்டிப்பதால் குழாயின் விலை கொஞ்சம் ஏறும். சிறிய துளை என்பதால் அடைப்பும் சீக்கிரம் வரும். மானியத் திட்டத்தின் அலகுத் தொகை குழாய் வரிசையின் இடைவெளியை வைத்துக் கணக்கிடப்படுகிறது. விதை எங்கே விழும் என்ற கேள்விக்கு அந்த அட்டவணையில் இடமில்லை. விண்ணப்பம் கொடுக்கும்போதே டிரிப்பர் இடைவெளியைக் கேட்டு எழுதி வாங்காவிட்டால், பிறகு மாற்ற முடியாது.

ஈரப் பட்டை அறுந்து போவது ஏன் இவ்வளவு பெரிய விஷயம்? விதை இரண்டு கட்டமாக விழிக்கிறது. முதலில் வெறுமனே தண்ணீர் குடிக்கிறது. மக்காச்சோளம் தன் எடையில் சுமார் 30 சதவீதம் குடித்தால் போதும், சோயாவுக்கு 50 சதவீதம் வேண்டும். இந்தக் கட்டத்தில் காய்ந்தாலும் பல விதைகள் பிழைத்துக்கொள்ளும். முளைவேர் தோலைக் கிழித்து வெளியே வந்த பின் காய்ந்தால் பிழைக்காது. பாதி நனைந்த மண்தான் ஆபத்து. முழுக்கக் காய்ந்த மண்ணில் விதை சும்மா கிடக்கும், அரைகுறை ஈரத்தில் எழுந்து சாகும். மூன்றாம் நாள் தண்ணீருக்கு ‘உயிர்’ என்று பெயர் வைத்தவர்கள் இதை அறிந்திருக்கிறார்கள்.

கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்து மானாவாரிக் கரிசலில் இதே அறிவு தலைகீழாகப் பயன்படுகிறது. வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே, புழுதியில், சோளத்தையும் பருத்தியையும் 5 செ.மீ. ஆழத்தில் விதைத்துவிடுகிறார்கள். ஆழம் இங்கே காவல். ஒரு தூறல் மேலே இரண்டு மூன்று செ.மீ. நனைத்துவிட்டுப் போனால் விதைக்குச் செய்தி எட்டாது. கீழே வரை இறங்கும் அளவுக்கு, 20 மி.மீ.க்கு மேல் ஒரு மழை பெய்தால்தான் விதை விழிக்கும். அவ்வளவு பெய்த மழை முளையை ஒரு வாரம் தாங்கும். மேலாக விதைத்தால் முதல் தூறலிலேயே ஏமாந்துவிடும். விதையை முன்கூட்டியே ஊறவைத்து நிழலில் பழைய எடைக்கு உலர்த்துவது இதோடு சேர்ந்தது. செலவு ஒரு வாளித் தண்ணீர். மானியம் தேவைப்படாத முறை என்பதாலோ என்னவோ, விளம்பரமும் குறைவு.

உளுந்து, நிலக்கடலை போல நெருங்கிய வரிசைக்குத் தெளிப்பு நீரோ ரெயின் ஹோஸோ சொட்டுநீரைவிட ஏற்றது. 2 செ.மீ. அளவுக்கு நிலம் முழுக்க ஒரே சீராக நனையும். செம்மண்ணில் துளிகள் அடித்து மேல்மண் ஓடுபோல இறுகினால் முளை முட்டி நிற்கும். நான்காம் நாள் லேசாக ஒரு முறை தெளித்தால் ஓடு இளகும். துவரை, கரும்பு இரண்டுக்கும் குழித்தட்டு நாற்று இருக்கிறது. ஒரு மாதம் வரை ஒரு சென்ட் நிழல்வலைக்குள் பூவாளியில் வளர்த்து நட்டால், ஒரு ஏக்கரை நனைத்து வைத்துக் காத்திருக்க வேண்டிய நாட்கள் மிச்சம்.

உப்புத் தண்ணீர்க் கிணறுகளுக்குத் தனியாக ஒன்று. தண்ணீர் நகரும் திசையில் உப்பும் நகர்ந்து ஈர வட்டத்தின் விளிம்பில் வெள்ளை வளையமாகப் படியும். விதை அந்த விளிம்பில் அகப்பட்டால் முளைப்பது அரிது. வட்டத்துக்குள் நன்றாக முளைத்த செடிக்கும் லேசான மழையால் ஆபத்து உண்டு. தூறல் அந்த வெள்ளையைக் கரைத்து வேர் பக்கம் தள்ளிவிடும். அதனால் நீண்ட வெயிலுக்குப் பின் சிறு மழை தூறும்போது டிரிப்பை நிறுத்தக் கூடாது, திறந்து வைக்க வேண்டும். மழையில் மோட்டார் ஓட்டுபவரைப் பார்த்து ஊர் சிரிக்கும்.

மற்றக் கேள்விகள் சிறியவை.

ஹைட்ரோஜெல் போட்டால் முதல் தண்ணீர் மிச்சமாகுமா? ஏக்கருக்கு 2 கிலோ தன் எடையில் 350 மடங்கு உறிஞ்சினாலும் 700 லிட்டர், நிலம் முழுக்கப் பரப்பினால் கால் மி.மீ. கூட வராது, உப்புத் தண்ணீரில் இன்னும் குறையும்.

முளைக்கும் முன் ஒன்று விட்டு ஒரு சால் பாய்ச்சலாமா? வேண்டாம், பாரின் மறுபக்கத்து விதை பட்டினி கிடக்கும். செடி நன்றாக வேர் பிடித்த பின் தொடங்கலாம்.

உரத்தை முதல் நாளே டிரிப்பில் விடலாமா? உரமும் உப்புதான், முளைத்து இலை விடும் வரை பொறுக்கலாம்.

எந்த வடிகட்டி? ஆழ்துளைக் கிணற்று மணலுக்கு ஹைட்ரோசைக்ளோனும் திரை வடிகட்டியும், பாசி படரும் திறந்த கிணற்றுக்கு மணல் வடிகட்டி.

ஈரம் போதுமா என்று எப்படித் தெரியும்? விதை ஆழத்து மண்ணைக் கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், உள்ளங்கையில் ஈரம் ஒட்ட வேண்டும்.

அணில் குழாயைக் கடிக்கிறதே? தாகம், வரப்பில் நான்கு மண்சட்டியில் தண்ணீர் வைப்பவர்களின் குழாயில் பல் தடம் குறைவாக இருக்கும் என்று சொல்லப்படுகிறது. முளையைக் கிளறும் மயிலுக்கு அந்தச் சட்டி போதாது.