உங்களுக்குத் தெரியுமா? படியிறங்கும் கம்பிச்சுருள்

மாடிப்படியில் தானே இறங்கிவரும் ஸ்லிங்கி, பொம்மையாகப் பிறந்ததல்ல. 1943-இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில், கப்பல் கருவிகள் கடலில் அதிராமல் காக்கும் சுருள்வில்லைத் தேடிக்கொண்டிருந்தார் பொறியாளர் ரிச்சர்ட் ஜேம்ஸ். தவறி விழுந்த சுருள் ஒன்று, நடந்தது! 1945-இல் கிம்பல்ஸ் கடையில் வைத்த 400 சுருள்களும் ஒன்றரை மணி நேரத்தில் விற்றுத் தீர்ந்தன.

பெயர் சூட்டியவர் மனைவி பெட்டி. உண்மையான பெருமையும் அவருக்கே. 1960-இல் கணவர் குடும்பத்தை விட்டுப் பொலிவியா போய்விட, ஆறு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே, கடனில் மூழ்கிய நிறுவனத்தைத் தனியாளாக மீட்டெடுத்தார்.

வியட்நாம் போரில் அமெரிக்க வீரர்கள் ஸ்லிங்கியை மரக்கிளையில் வீசி, வானொலிக் கருவிக்கு ஆன்டெனா ஆக்கினார்கள். இயற்பியல் வகுப்பில் நெட்டலை, குறுக்கலை இரண்டையும் கண்ணுக்குக் காட்ட இன்றும் இதுவே கைகொடுக்கிறது. வீட்டில் ஒன்று இருந்தால், பிள்ளைகளோடு செய்து பாருங்கள்.