பானையிலிருந்து கிடாரத்திற்கு

ஆய்வுகூடத்தில் ஒரு பண்டத்தைச் செவ்வனே ஆக்கிவிட்டால், அதனைத் தொழிற்சாலையில் ஆயிர மடங்காக ஆக்குதல் எளிதென்று பலர் எண்ணுகின்றனர். அஃது உண்மையன்று. நல்ல முயற்சிகள் பல வீழ்வது இவ்விடத்திலேதான்.

சுருவில் முதலிய தீவகக் கிராமங்களில் யாவரும் அறிந்த பனங்கட்டியையே எடுத்துக்கொள்வோம். சுண்ணாம்பு தடவிய முட்டியில் இறக்கிய கருப்பநீரை வடித்துக் காய்ச்சும் இல்லத்தரசி, பாகின் பதத்தைக் கண்ணாலும் விரலாலும் அறிகின்றாள். அவளுடைய பாத்திரத்தின் நீள அகல உயரங்களைப் பத்து மடங்காக்கினால் யாது நிகழும்? கொள்ளளவு 1,000 மடங்காகும். வெப்பம் ஏறும் பரப்போ 100 மடங்கே ஆகும். ஆகவே பாகு நெடுநேரம் அடுப்பிற் கிடக்கும், அடியிற் கரியும், நிறமும் சுவையும் கெடும். பண்டமும் அதுவே, முறையும் அதுவே. மாறியது அளவு ஒன்றுதான்.

இவ்விடர்ப்பாட்டை வென்றவர் உளரா? உளர். எருமைப்பாலைத் தூளாக்க இயலாதென்று மேனாட்டு நிபுணர் சாதித்த காலத்தில், குசராத்திலுள்ள ஆனந்த் நகரின் பாற் கூட்டுறவுச் சங்கத்துப் பொறியியலாளர் எச். எம். தலாயா, வர்ணம் தெளிக்கும் கருவியையும் காற்றைச் சூடாக்கும் கருவியையும் கொண்டு அதனைச் செய்து காட்டினார். சிறு பரிசோதனையில் ஐயம் நீங்கிய பின்னரே பெருமுதல் இடப்பட்டது. 1955 ஒக்டோபர் 31இல் அத்தொழிற்சாலையை நேரு திறந்துவைத்தார். பின்னர், கொழுப்பு மிகுந்த எருமைப்பாலைக் குழவிகளுக்குச் செரிக்கும் உணவாக்கும் முறையை மைசூர் மத்திய உணவுத் தொழினுட்ப ஆராய்ச்சி நிலையம் வகுத்தது. அம்முறை ஆனந்தை அடைந்து, ‘அமுல்’ என்னும் பெயருடன் இல்லந்தோறும் சென்றது.

இதனின்றும் நாம் கொள்ளத்தக்க விதிகள் நான்கு. முதலாவது, கைப்பதத்தை எண்ணாக்குக. உஷ்ணம் எத்தனை பாகை, நேரம் எத்தனை நிமிடம், சுண்ணாம்பு எவ்வளவு என எழுதிவைக்க வேண்டும். இரண்டாவது, பானையிலிருந்து நேரே கிடாரத்திற்குத் தாவாது, இடைப்பட்ட அளவில் ஒருமுறை செய்து பார்க்க வேண்டும். மூன்றாவது, மூலப்பொருள் நாளுக்கு நாள் மாறுமாதலின், எது ஏற்கத்தக்கது, எது தள்ளத்தக்கது என்பதை முன்னரே வரையறுத்தல் வேண்டும். நான்காவது, ஏட்டை மட்டும் அனுப்பினாற் போதாது. முறையைக் கண்டவரும் அதனை நடத்துவோரும் சிலகாலம் ஓரடுப்பின் அருகில் நிற்க வேண்டும். எழுத்தில் அடங்காத அறிவு அங்ஙனமே கைமாறும்.

இலங்கையில் பனை அபிவிருத்திச் சபை 1978ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. பனம்பொருள்களைப் பற்றிய ஆராய்ச்சியும் நடைபெற்று வருகின்றது. ஆயினும் ஆராய்ச்சி ஏட்டிலே நின்றுவிடின், ஊரவர்க்கு ஊதியமில்லை. பதம் அறிந்த மூதாட்டியர் நம்மிடையே வாழும்போதே, வெப்பமானியும் குறிப்பேடும் கொண்டு நம் மாணாக்கர் அவர்தம் அடுப்படியை நாடுவாராக. அவ்வறிவு ஒருமுறை மறைந்துபோயின், எந்த இயந்திரமும் அதனை மீட்டுத் தாராது.