பேஸ் பெட்டியில் லீட் கிட்டார்

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனி பஸ்கள் வருவதற்கு முன், எலெக்ட்ரிக் கிட்டாரை நேரில் கேட்க வேண்டுமானால் கோயில் திருவிழா வர வேண்டும். அம்மன் கோயில் மேடை, மெல்லிசைக் குழு, விடிய விடியப் பாட்டு. வெளிநாட்டு ஆம்ப் வாங்க முடியாத இறக்குமதிக் கெடுபிடிக் காலம் அது. கிட்டார் என்றால் கல்கத்தாவின் கிவ்சன், ஹோப்னர். சத்தத்துக்கு அஹுஜா மைக் செட். லீடுக்கு ஒன்று, பேஸுக்கு ஒன்று என்று தனித்தனிப் பெட்டி வைத்துக்கொள்வது வசதியுள்ள குழுக்களின் சமாச்சாரம். மற்றவர்கள் கிடைத்த பெட்டியில், அது பேஸ் பெட்டியானாலும், செருகி வாசித்தார்கள்.

இங்கே இல்லாமையால் நடந்ததை அமெரிக்காவில் ஆசைப்பட்டே செய்தார்கள். ஃபெண்டர் கம்பெனி 1951இல் பேஸ் கிட்டாரைக் கொண்டுவந்து, அடுத்த ஆண்டே அதற்கென்று ‘பேஸ்மேன்’ ஆம்பை விற்றது. 1950களின் பிற்பாதியில் வந்த பேஸ்மேனில் பத்து அங்குல ஸ்பீக்கர் நான்கு. பெட்டியின் பின்பக்கம் திறப்பு. பேஸின் அடித்தந்தி சுமார் 41 ஹெர்ட்ஸ். அவ்வளவு தாழ்ந்த ஒலியை உரக்கக் கேட்டால் அந்த ஸ்பீக்கர்கள் திணறும். கிட்டாரின் அடித்தந்தியோ 82 ஹெர்ட்ஸ். அதற்கு அந்தப் பெட்டி வெகு தாராளம்: மெதுவாக வாசித்தால் தெளிவு, அழுத்தி வாசித்தால் வால்வு தன் எல்லையைத் தாண்டி ஓரங்கள் கரகரக்கும். கையின் பலத்துக்கு ஏற்ப ஒலி மாறும். பட்டி கை போன்ற ப்ளூஸ் கலைஞர்கள் அதை விடவில்லை. லண்டனில் டிரம்ஸ் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல், 1962 வாக்கில் தன் ஆட்களோடு இதே சர்க்யூட்டைப் பார்த்துத்தான் முதல் மார்ஷல் ஆம்பைச் செய்தார். ராக் இசையின் பாதிச் சத்தம் ஒரு பேஸ் பெட்டியின் வாரிசு என்றால் மிகையில்லை.

வால்வு நமக்கு அந்நியமும் அல்ல. பெங்களூரின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1961 முதல் ரேடியோ வால்வு செய்தது. பல வீட்டு ரேடியோக்களில் எரிந்தவை அவைதாம். ஆனால் பழைய அமெரிக்க ஆம்பை இங்கே ஓட்டுவது தலைவலி. அது 110–120 வோல்ட்டுக்குப் பிறந்தது, நம் 230க்கு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் ஓடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். பழகாதவர் மூடியைத் திறக்கவே கூடாது.

பிறகு ஊர் மாறியது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் வெளிவந்தது. 2006இல் நோக்கியா வந்தது, 2014இல் மூடியது. ஒரகடத்தில் ரெனோ-நிசான், டைம்லர், ராயல் என்ஃபீல்டு. ஏரியும் நெல்லுமாக இருந்த இடத்தில் ஷிஃப்ட் சங்கு, வாடகை அறைகள், ஹாஸ்டல்கள். இங்கே ஒருவர் பேஸ்மேனை உரக்க வைத்தால் நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்கும் பக்கத்து அறைக்காரர் சும்மா இருப்பாரா? வால்வு ஆம்ப் குறைந்த வால்யூமில் பாதி உயிரோடுதான் இருக்கும். அதன் அழகே முறுக்கிவிட்டுக் கேட்பதில்தான்.

ஆகவே இன்று கிட்டாரை ஒரு சின்ன இன்டர்ஃபேஸ் வழியாகப் போனில் செருகி, ஹெட்ஃபோனில் கேட்கிறார்கள். அந்தப் போன் ஐபோனாக இருந்தால், இதே ஸ்ரீபெரும்புதூரில் ஃபாக்ஸ்கான் ஆலையில் கோத்ததாகவும் இருக்கலாம். 2019 முதல் அங்கே ஐபோன் தயாராகிறது. அதில் ஓடும் ஆம்ப் பாவனைகள் மோசமில்லை. மேடையில் ஸ்பீக்கர் தள்ளும் காற்று உடம்பில் மோதும் அந்த உணர்வு கிடைக்காது என்பதுதான் குறை. சிலருக்கு அதுவே பெரிய குறை, எனக்கும்தான்.

இன்னொரு மாற்றம் எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. ஆப்பிளின் லாஜிக் இசை மென்பொருளில் கிட்டாருக்கு ஒரு ஆம்ப் பட்டியல், பேஸுக்கு வேறு பட்டியல். நான்கு பத்து அங்குல ஸ்பீக்கர் கொண்ட அந்தப் பழைய பேஸ்மேனின் பாவனையைப் பேஸ் பட்டியலில் தேடினால் கிடைக்காது. அதைக் கிட்டார் பட்டியலில் வைத்துவிட்டார்கள்.