புது சிப் வருதாம்... காத்திருக்கலாமா? கம்ப்யூட்டர் வேகக் கணிப்புகள் ஏன் பொய்க்கின்றன?

“அவசரப்படாதீங்க, அடுத்த சிப் வரப்போகுது. வேகம் டபுளாம்!”

புதிதாக டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் வாங்க நினைக்கும் பலருக்கும் கிடைக்கும் முதல் அட்வைஸ் இதுதான். யூடியூபைத் திறந்தால், இன்னும் கடைக்கே வராத பிராசஸருக்கு மார்க் போட்டு, ரேங்க்கும் கொடுத்துவிடுகிறார்கள். இதை நம்பி, பிள்ளையின் படிப்புக்கோ தொழிலுக்கோ தேவைப்படும் கம்ப்யூட்டரை மாதக்கணக்கில் தள்ளிப்போடலாமா? பழைய கணிப்புகள் என்ன ஆயின என்று பார்த்தாலே பதில் கிடைத்துவிடும்.

2011: எகிறிய எதிர்பார்ப்பு

2011 அக்டோபரில் ஏ.எம்.டி நிறுவனம் ‘புல்டோசர்’ வடிவமைப்பில் எஃப்.எக்ஸ் 8150 பிராசஸரை வெளியிட்டது. டெஸ்க்டாப்புக்கு 8 கோர் என்பதே அப்போது பெரிய செய்தி. இன்டெல்லை இது ஓரங்கட்டிவிடும் என்று ரசிகர்கள் காத்திருந்தார்கள். ஆனால் சோதித்தபோது, பெரும்பாலான கேம்களில் 4 கோர் மட்டுமே கொண்ட இன்டெல் கோர் ஐ5 2500கே முந்தியது. சில சோதனைகளில் ஏ.எம்.டி-யின் பழைய ஃபீனம் சிப்பிடமே புல்டோசர் தோற்றது.

எங்கே தப்பு? கோர் என்பதை ஒரு சமையற்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிகாஹெர்ட்ஸ் என்பது அவரது கைவேகம். ஒரு ஈட்டில் எத்தனை இட்லி எடுக்கிறார் என்பதுதான் ‘ஐ.பி.சி’. புல்டோசரில் 8 சமையற்காரர்கள் இருந்தார்கள். ஆனால் இரண்டு பேருக்கு ஒரு கிரைண்டர் என்பதுபோல, தசமக் கணக்குகளைப் போடும் பகுதியை இரண்டிரண்டு கோர்கள் பகிர்ந்துகொண்டன. ஈட்டுக்கு வரும் இட்லியும் குறைவு. இதை ‘8 கோர்’ என்று விற்றது சரியா என்று அமெரிக்காவில் வழக்கே நடந்தது. 2019-ல் 1.21 கோடி டாலர் கொடுத்து சமரசம் செய்துகொண்டது ஏ.எம்.டி.

2017: நம்பாதவர்களுக்கு ஆச்சர்யம்

சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகுமா? ‘ஸென்’ வடிவமைப்பில் ஐ.பி.சி 40 சதவிகிதம் கூடும் என்று ஏ.எம்.டி சொன்னபோது பலர் நம்பவில்லை. 2017-ல் ரைசன் வந்தபோது அந்த உயர்வு 52 சதவிகிதம் என்று அறிவித்தது நிறுவனம். 8 கோர் கொண்ட ரைசன் 7 1800எக்ஸ் 499 டாலருக்கு வந்தது. அப்போது இன்டெல்லின் 8 கோர் சிப் ஆயிரம் டாலருக்கு மேல்! இந்த முறை பொய்த்தது, ‘இதுவும் தேறாது’ என்ற கணிப்பு.

2024: எண்ணிக்கை சொல்லாத கதை

2024 அக்டோபரில் வந்த இன்டெல் கோர் அல்ட்ரா 9 285கே-வில் 24 கோர்கள். மின்சாரச் செலவு குறைந்தது. ஆனால் பல கேம்களில் அது முந்தைய 14900கே-வைவிடப் பின்தங்கியது. அடுத்த மாதமே வந்த ஏ.எம்.டி ரைசன் 7 9800எக்ஸ்3டி-யில் 8 கோர்கள்தான். ஆனால் கேமிங்கில் அது முதலிடத்துக்குப் போனது. காரணம், 96 எம்.பி எல்3 கேஷ். தேவையான சாமான்களெல்லாம் அடுப்பு மேடையிலேயே கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது மாதிரி!

லீக் தகவல்களை எவ்வளவு நம்பலாம்?

வெளியீட்டுக்கு முன் கசிபவை பெரும்பாலும் சோதனை மாதிரிச் சிப்களின் மதிப்பெண்கள். இவை இறுதி வேகத்தில் ஓடாமல் இருக்கலாம். மதர்போர்டு மென்பொருளும் முழுமை பெற்றிருக்காது. கீக்பெஞ்ச் போன்ற சோதனைகள் சில நிமிடங்களில் முடிந்துவிடும். மணிக்கணக்கில் வீடியோ எடிட் செய்யும்போது சிப் எப்படிச் சூடாகும் என்பது அதில் தெரியாது. நிறுவனங்கள் வெளியிடும் வரைபடங்களோ, தங்களுக்குச் சாதகமான சோதனைகளைப் பொறுக்கியெடுத்தவையாக இருக்கக்கூடும்.

அப்போ, என்ன செய்யலாம்?

* பிரவுசிங், ஆன்லைன் வகுப்பு, டேலி, டைப்பிங் போதும் என்றால் காத்திருக்கவே வேண்டாம். இந்த வேலைகளுக்கு எஸ்.எஸ்.டி-யும் 16 ஜி.பி ரேமும் தரும் நிம்மதியை புது சிப் கூடுதலாகத் தந்துவிடாது.

* வீடியோ எடிட்டிங், கேமிங் என்றால், வெளியீட்டுத் தேதி அறிவிக்கப்பட்டிருந்தால் மட்டும் காத்திருங்கள். சிப் வந்த பிறகு, நீங்கள் பயன்படுத்தும் அதே சாஃப்ட்வேரில் சோதித்த இரண்டு மூன்று விமர்சனங்களைப் பாருங்கள்.

* புது சிப்புக்குப் புது மதர்போர்டு தேவையா என்று கேளுங்கள். 285கே-வுக்குத் தேவைப்பட்டது. அந்தச் செலவையும் சேர்த்தால்தான் உண்மையான விலை தெரியும்.

* புதியது வந்ததும் முந்தைய தலைமுறை சிப்பின் விலை குறைகிறதா என்று பாருங்கள். பல வீடுகளுக்கு அதுவே தாராளம்.

அடுத்த வருடமும் ஒரு புது சிப் வரும். அதற்கும் இப்போதே யாராவது மார்க் போட்டுக்கொண்டிருப்பார்கள். நாளை காலை உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் என்ன வேலை நடக்க வேண்டும் என்பதை வைத்து முடிவெடுங்கள்!